சென்னைப் பறவைகளின் நாட்காட்டி: ஒரு சாண் தண்ணீரின் கணக்கு

"சென்னையில பறவை பார்க்க எந்த மாசம் நல்லது?" என்று கேட்பவர்களுக்கு "டிசம்பர், ஜனவரி" என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். பதில் தப்பில்லை. வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை அப்போது இங்கேதான் இருக்கும். ஆனால் எங்கே இருக்கும், எத்தனை இருக்கும், கண்ணுக்குப் படுமா என்பதை மாதம் மட்டும் முடிவு செய்வதில்லை.

பள்ளிக்கரணை, அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு, அப்புறம் எங்கள் பகுதி ஏரி. இந்த நான்கு இடங்களுக்கும் பல வருடங்களாக மாதம் ஒருமுறையாவது போய்க் குறிப்பெடுத்து வருகிறேன். நோட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வெயில், பனி என்று காலம் பிரிவதில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிரிகிறது. ஒரே தை மாதத்தில் ஒரு வருடம் ஆயிரக்கணக்கில் நிற்கும் உள்ளான்கள், அடுத்த வருடம் அதே இடத்தில் ஒன்றுகூட இல்லை. குளிர் மாறவில்லை, தேதி மாறவில்லை. தண்ணீர் இரண்டு அடி கூடுதலாக நின்றது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. கடைசியில் ஏரிகளைப் பற்றி ஒரு கவலையும் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் வருடம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்துவிடுவோம்.

கால் நீளமும் கழுத்து நீளமும்

சென்னைக்கு வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. அப்புறம் ஒன்பது மாதம் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றுகிறது. நடுவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை கொஞ்சம் ஈரம் கொடுக்கும். இங்குள்ள நீர்நிலைகளின் உயிர் மொத்தமும் இந்த "சட்டென்று நிரம்பி, மெதுவாக வற்றும்" தாளத்துக்குப் பழகியது.

நீர்ப்பறவைகளுக்கு இதில் என்ன? ஒவ்வொன்றின் உடம்பும் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். சிட்டுக்குருவி எடைதான் இருக்கிற கொசு உள்ளான், ஈரச் சேற்றிலும் ஒன்றிரண்டு விரல்கடை தண்ணீரிலும் மட்டும்தான் இரை பொறுக்க முடியும். பவளக்காலி, பச்சைக்காலி அதைவிடக் கொஞ்சம் உள்ளே போகும். நெடுங்கால் உள்ளானுக்கு அந்தச் சிவப்புக் கால் அளவு, அதாவது சுமார் ஒரு சாண் வரை கவலையில்லை. கருவால் மூக்கன் வயிறு நனையும்வரை இறங்கி, நீண்ட அலகைக் கீழ்ச் சேற்றில் செருகும். பூநாரைக்கு இரண்டு மூன்று சாண் வரை போதும்.

வாத்துகளுக்கும் கணக்கு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை முழுகி இரை தேடுவதில்லை. தலையைக் கீழே, வாலை மேலே வைத்துத் தலைகீழாகக் கவிழ்ந்துதான் மேய்கின்றன. அப்படிக் கவிழ்ந்தால் கழுத்து எவ்வளவு தூரம் எட்டுமோ அதுதான் அவற்றின் எல்லை. ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம் என்பதால் கொஞ்சம் ஆழமான இடமும் ஒத்துக்கொள்ளும். தட்டைவாயன் மேல்தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிற ஆள். ஆழத்தில் பிழைக்கத் தெரிந்தவை முழுகுகிறவை மட்டும்: முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா.

ஆக, ஒரு நீர்நிலையில் எத்தனை வகைப் பறவை இருக்கும் என்பது அதன் பரப்பளவைவிட, அதில் எத்தனை வகை ஆழம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மாதங்களுக்குள் போகலாம். இங்கே ஆங்கில மாதங்களைவிடத் தமிழ் மாதங்கள்தான் பறவைகளோடு நன்றாகப் பொருந்துகின்றன. நான் குறிப்பெடுப்பதும் அப்படித்தான்.

ஆடி, ஆவணி: வெயில் குறையும் முன்பே வரும் விருந்தாளிகள்

"வலசைப் பறவை பனிக்காலத்தில் வரும்" என்று நினைப்பவர்களுக்கு ஆவணி ஒரு ஆச்சரியம். ஆகஸ்ட் மாதத்திலேயே, நாம் இன்னும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே, முதல் உள்ளான்கள் வந்து இறங்கிவிடும். வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரத்தில் கூடு வைக்கிற பறவை. அங்கிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 7,000 கி.மீ. அங்கே கோடை மிகவும் குறுகியது. முட்டையிட்டு அடைகாக்கும் வேலை தொடங்கியதுமே ஆண்கள் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. குஞ்சு பொரித்து வளர்த்த பிறகு பெண்கள். கடைசியில், அந்த வருடம் பிறந்த குஞ்சுகள், வழிகாட்ட பெற்றோர் யாரும் இல்லாமல், தனியே அந்த ஏழாயிரம் கிலோமீட்டரைக் கடந்து வருகின்றன.

ஆவணியில் முதலில் வருபவற்றின் மார்பில் செங்கல் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும், கல்யாண உடுப்பைக் கழற்றாமலேயே பயணம் வந்தது போல. சில வாரங்களில் அது உதிர்ந்து சாம்பலும் வெள்ளையுமாகிவிடும். புரட்டாசியில் வருபவற்றின் முதுகுச் சிறகுகளைத் தொலைநோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர் விளிம்பு தெரியும். அவை இளசுகள்.

இந்த மாதங்களில் உள்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் வற்றிப் போயிருக்கும், அல்லது நடுவில் ஒரு குட்டை மட்டும் நிற்கும். பள்ளிக்கரணையில் கூட அந்த மிச்சத் தண்ணீரின் ஓரச் சேற்றில்தான் கூட்டம். கடற்கழிகளில் நிலைமை வேறு. அடையாறு முகத்துவாரத்திலும், வடக்கே பழவேற்காட்டிலும் மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓதம் ஏறி இறங்கும். நம்ம கடற்கரையில் ஓதத்தின் உயர வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் தட்டையான சேற்று வெளியில் அந்த ஒரு மீட்டர் ரொம்பப் பெரிய விஷயம். நாளுக்கு இரண்டு முறை புதுச் சேறு திறந்து மூடுகிறது. உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் தண்ணீர் இறங்கும் வேகத்துக்கே பின்னால் நடந்து இரை பொறுக்கும். அடையாறு முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் நின்றுபோகும். அன்றைக்கு அங்கே காக்கையும் மடையானும்தான்.

மரங்களிலும் கம்பிகளிலும் மாற்றம் தெரியத் தொடங்குவது இப்போதுதான். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். பச்சைப் பஞ்சுருட்டான் வருடம் முழுக்க இங்கேயே இருப்பது. அதைவிடப் பெரிய நீலவால் பஞ்சுருட்டான் ஆவணி வாக்கில் வந்து சேரும். ஏரிக்கு மேலே தும்பி பிடிக்க அது வட்டமிடுவதைப் பார்த்தால் பருவம் திரும்பிவிட்டது என்று நோட்டில் எழுதிவிடலாம்.

புரட்டாசி, ஐப்பசி: வீட்டுக்குள் விழும் ஆறுமணிக்குருவி

இது தரைப்பறவைகள் வரும் நேரம். பழுப்புக் கீச்சான் புதர் உச்சியில் உட்கார்ந்து கத்தும். வீட்டு வேலியில் நாணல் கதிர்க்குருவி "டக்... டக்" என்று நாக்கைச் சொடுக்குவது போல் சத்தம் கொடுக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பழுப்புக் குருவி. ஆனால் புரட்டாசி முதல் பங்குனி வரை சென்னைத் தோட்டங்களில் இதைவிட அதிகமாகக் காதில் விழும் வலசைப் பறவை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் எல்லாரும் போன் பண்ணிக் கேட்பது ஒரே ஒரு பறவையைப் பற்றித்தான். "பச்சை முதுகு, செவப்பு வயிறு, கண்ணுல கருப்புப் பட்டை, வால் கட்டை. பால்கனியில உட்கார்ந்திருக்கு, பறக்க மாட்டேங்குது. கிளி மாதிரி ஏதாவதா?" கிளி இல்லீங்க. அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சீழ்க்கையாகக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு வைத்துவிட்டு, பனிக்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து வரும். விடியும்போது கீழே ஒரு நகரம் முழுக்க விளக்கும் கண்ணாடியுமாக இருந்தால் என்ன செய்யும்? ஜன்னலில் மோதி, அல்லது களைத்துப்போய், வராந்தாவில் விழுகிறது.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் விழுந்தால்: காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள், சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். காக்கைகள் கண்ணில் படாத, மரமும் புதரும் உள்ள இடத்தில் திறந்து விடலாம். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கிண்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டிய ஐஐடி வளாகம், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் ஆகியவை இந்தப் பறவைக்கு எவ்வளவு முக்கியம் என்பது இப்போதுதான் புரியும். ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிப் புழு தின்னும் பறவை. சருகைப் பெருக்கிச் சுத்தம் செய்து புல்தரை போட்ட பூங்காவில் மரம் எத்தனை இருந்தாலும் அதற்குச் சாப்பாடு இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தபோது, பிறகு நட்டவை எல்லாம் மரங்கள்தான். யாரும் சருகை நடவில்லை.

ஐப்பசியில் பெருமழை தொடங்கும். அதோடு கதை மாறிவிடும்.

கார்த்திகை முதல் தை வரை: நிரம்பிய பிறகு

மழை கொட்டி ஏரிகள் நிரம்பியதும் பறவை ஆர்வலர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் உள்ளான்களுக்கு அது இடம்பெயரும் நேரம். ஒரு சாண் நின்ற இடத்தில் நாலு அடி நின்றால் அவற்றுக்கு அது கடல் மாதிரிதான். பள்ளிக்கரணைக் கழுவெளி நிரம்பி வழியும்போது அவை கடற்கழிகளுக்கும், உப்பளங்களுக்கும், புதிதாகத் தண்ணீர் தேங்கிய வயல் ஓரங்களுக்கும் சிதறிப்போகும். முட்டுக்காட்டுக் கழியின் ஓரத்தில் நின்றால் பள்ளிக்கரணையில் காணாமல் போனவற்றைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நீர்வழியின் இரண்டு முனைகள்தானே: கழுவெளியின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே ஓடிக் கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குள் போகிறது. பறவைகள் அந்த வழியை ஒரே ஊராகத்தான் பயன்படுத்துகின்றன. நாம்தான் அதைப் பல வார்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

உள்ளான்கள் விட்ட இடத்தை வாத்துகள் பிடிக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் வட யூரேசியாவிலிருந்து வருபவை. அவற்றுக்கு மேலே, நாணலை உரசியபடி சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறக்கும். அது வரும் திசையிலிருந்து வாத்துக்கூட்டம் மொத்தமாக எழுந்து மறுபடி இறங்குவதைப் பார்ப்பதற்காகவே மார்கழிக் காலையில் எழுந்து போகலாம். மெரினாவிலும் காசிமேட்டிலும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வந்து சேர்ந்திருக்கும். பெயர்தான் பழுப்புத்தலை, இப்போது தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும். லடாக், திபெத் மாதிரியான உயர்ந்த பீடபூமி ஏரிகளில் கூடு வைக்கிற பறவை, நம்ம மீன்பிடித் துறைமுகத்தில் குடல் கழிவுக்குச் சண்டை போடும்.

நகரத்துக்குத் தெற்கே 80 கி.மீ அளவில் வேடந்தாங்கல். இங்கே நடப்பது வலசை வேடிக்கை மட்டுமல்ல, குடும்பம் நடத்தும் வேலை. நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டும். இவை வெளிநாட்டுப் பறவைகள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பெரும்பாலும் நம்ம நாட்டுக்குள்ளேயே மழையைத் தொடர்ந்து நகர்பவை.

ஏன் மழைக்குப் பிறகு கூடு? இரண்டு காரணம். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனை, நாய், கீரி ஏறாது. இது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது காரணம்தான் இன்னும் நுட்பமானது. மழையில் நீர்நிலைகள் நிரம்பும்போது மீனும் தவளையும் பெருகும், ஆனால் அகன்ற தண்ணீரில் பரவி இருக்கும், பிடிப்பது கஷ்டம். தை, மாசியில் தண்ணீர் சுருங்கச் சுருங்க அத்தனை மீனும் சின்னக் குட்டைகளில் நெருக்கியடித்து நிற்கும். அந்த நேரத்தில்தான் குஞ்சுகளுக்குப் பசி உச்சத்தில் இருக்கும். அதாவது, பறவைகள் கூடு வைப்பது தண்ணீர் நிரம்புவதற்காக மட்டுமல்ல, அது வற்றப்போவதை நம்பியும்தான். வற்றாத ஏரி நல்ல ஏரி என்று நாம் நினைக்கிறோம். நாரைக்கு அப்படி இல்லை.

வேடந்தாங்கல் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தப் பறவைகளைச் சுட வேண்டாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடம் முறையிட்டு உரிமை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மழை பொய்க்கும் வருடங்களில் மட்டும் ஏரி காய்ந்து, மரங்கள் வெறிச்சோடிப் போகும்.

தையில் இன்னொரு நல்ல விஷயம், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். நிபுணராக இருக்க வேண்டியதில்லை, காக்கையும் மைனாவும் எண்ணினாலும் கணக்குதான்.

மாசி, பங்குனி: உண்மையான உச்சம்

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையின் முதல் கேள்விக்கு என் பதில் மாசி. மழைத் தண்ணீர் பாதி வற்றியிருக்கும். ஆழம், நடு ஆழம், ஆழமில்லாதது, ஈரச்சேறு, காய்ந்த சேறு என்று எல்லா வகையும் ஒரே ஏரியில் ஒரே நேரத்தில் கிடைப்பது அப்போதுதான். நடுவில் நாமக்கோழி, அதை அடுத்து வாத்து, அதை அடுத்துக் கருவால் மூக்கன், பிறகு நெடுங்கால் உள்ளான், ஓரத்தில் கொசு உள்ளான், காய்ந்த தரையில் ஆள்காட்டி. மேடையில் ஆட்களை உயர வரிசையில் நிறுத்தியது போல இருக்கும்.

வடக்கே கிளம்பப் போகிறவை விழுந்து விழுந்து தின்னும். பயணத்துக்கான எரிபொருள் கொழுப்புதான், அதை இந்தச் சில வாரங்களில் சேர்த்தாக வேண்டும். பங்குனிக் கடைசியில் உள்ளான்களின் மார்பில் சிவப்பு ஊறத் தொடங்கும், கடற்காகத்தின் தலை பழுப்பாகும். சோளப்பட்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து இரவு தங்கும் மரங்களுக்கு மேல் சுழன்று சுழன்று பறக்கும். சித்திரை பிறந்த சில வாரங்களில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் சேறு காலியாக இருக்கும்.

மொத்தமும் காலியாவதில்லை. வளைமூக்கு உள்ளான் போன்றவற்றில் முதல் வருட இளசுகள் சில இங்கேயே கோடையைக் கழித்துவிடும். "மே மாதத்தில் எப்படி வலசைப் பறவை?" என்று குழம்ப வேண்டாம்.

சித்திரை முதல் ஆனி வரை: வெயிலில் முட்டை

கோடையில் நகரத்துக்குள் பெரிய நாடகம் குயிலுக்கும் காக்கைக்கும் நடப்பது. காக்கை கூடு கட்டும் நேரத்தையே குயிலும் பிடித்துக்கொள்ளும். விடிகாலையில் கூவுவது கருப்பு நிற ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பெண் "கிக் கிக் கிக்" என்று மட்டும் கத்தும். காக்கை முட்டை பொரிய 16, 17 நாள். குயில் முட்டைக்கு அதைவிடச் சில நாள் குறைவு. அந்தச் சில நாள் முந்தல்தான் குயில் குஞ்சின் முதலீடு.

கழுவெளியில் நடப்பது இதைவிட அமைதியானது. காய்ந்து வெடித்த சேற்றில், தண்ணீருக்கு அருகில் ஒரு சின்ன மேட்டில், நெடுங்கால் உள்ளான் தரையிலேயே முட்டையிடும். நிழல் கிடையாது. சித்திரை வெயிலில் முட்டையைச் சூடாக்குவது பிரச்சினை இல்லை, வேகாமல் காப்பதுதான் பிரச்சினை. அதற்குப் பறவை செய்வது: பக்கத்துத் தண்ணீரில் போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். ஆணும் பெண்ணும் மாறி மாறி. அடைகாக்கும் சுமார் மூன்றரை வாரமும் இப்படி. ஆள்காட்டியும் இதையே செய்யும். ஆக, கூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்க வேண்டும், ஆனால் கூட்டைத் தொடக் கூடாது. ஒரு கோடை மழை நீர்மட்டத்தை ஒரு சாண் ஏற்றினால் முட்டை போச்சு. குப்பைமேட்டை நம்பி வாழும் தெருநாய்கள் வந்தாலும் போச்சு.

ஆனி, ஆடியில் இடிமழை பெய்ததும் தூக்கணாங்குருவிகள் பனை, ஈச்ச மரங்களில் கூடு பின்னும். தாமரை, ஆம்பல் இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி முட்டையிடும். அங்கே அடைகாப்பதும் குஞ்சைக் காப்பதும் ஆண். பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். இதற்குள் ஆவணி வந்துவிடும். வட்டம் முடிந்து மறுபடி தொடங்கும்.

தாம்பாளமும் அண்டாவும்

இப்போது அந்தக் கவலை.

பள்ளிக்கரணைக் கழுவெளி 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். தென்சென்னையில் சுமார் 250 சதுர கி.மீ பரப்பின் மழைநீர் அங்கேதான் வந்து சேர்கிறது. குப்பைமேடு, சாலைகள், அலுவலகக் கட்டடங்கள் எல்லாம் போக, மிஞ்சியது அதில் ஒரு சிறு பங்கு. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்தது. அதே வருடம் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சேர்ந்தன. கழுவெளியைத் தூர்த்து மேடாக்குவது தப்பு என்பது 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஓரளவு எல்லோருக்கும் உறைத்திருக்கிறது.

உறைக்காதது எதிர்ப்பக்கத் தப்பு. தூர்ப்பது போலவே தோண்டுவதும் பறவையை விரட்டும்.

நம்ம ஊர் ஏரி எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை. மதகும் கலங்கலும் அந்தப் பக்கம். எதிர்ப்பக்கத்தில் கரையே கிடையாது. நிலம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் அலையடித்து நிற்கும் அந்தத் தட்டையான ஓரத்துக்கு அலைகரை என்று பெயர். கார்த்திகையில் தண்ணீர் அலைகரையின் மேல் எல்லையைத் தொடும். பிறகு மாதாமாதம் பின்வாங்கும். பின்வாங்கும் விளிம்பில் எப்போதும் ஒரு சாண் ஆழமும் ஈரச்சேறும் இருந்துகொண்டே இருக்கும். ஆடு மாடு மேய்வதும் அங்கே, உள்ளான் மேய்வதும் அங்கே. பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் பழைய ஏரி ஒரு சாய்த்து வைத்த தாம்பாளம்.

எங்கள் பகுதி ஏரியைச் சில வருடங்களுக்கு முன் "சீரமைத்தார்கள்". நல்லெண்ணத்தோடுதான். ஆகாயத்தாமரையை எடுத்தார்கள், சாக்கடையைத் திருப்பினார்கள், அதெல்லாம் நிஜமாகவே நல்ல வேலை. கூடவே ஏரி முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டி, அந்த மண்ணை வைத்து அலைகரைப் பக்கமும் சேர்த்து நாலு பக்கமும் செங்குத்தாகக் கரை எழுப்பி, மேலே நடைபாதை போட்டார்கள். தாம்பாளம் அண்டாவாகிவிட்டது. அண்டாவில் தண்ணீர் குறைந்தாலும் விளிம்பு நகர்வதில்லை, கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். என் நோட்டில் அந்த ஏரிக்கு இப்போது வரும் பெயர்கள் நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, கரையோரம் ஒரு மடையான். பவளக்காலி, பச்சைக்காலி, கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் வேலை முடிந்த வருடத்தோடு நின்றுவிட்டன. நடைபாதையில் போகிறவர்கள் "ஏரி எவ்வளவு அழகா இருக்கு, பறவையெல்லாம் வருது" என்கிறார்கள். பறவை வருவது உண்மை. எது வரவில்லை என்பது முன்பு பார்த்திருந்தால்தான் தெரியும்.

2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றிப்போன சென்னையில் "ஆழப்படுத்தாதே" என்று சொல்ல எனக்கும் மனம் வராது. மனுஷனுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் இரண்டும் முடியும். தோண்டுவதைக் கரைப் பக்கமாக, மதகை ஒட்டி, ஏற்கெனவே ஆழமான பகுதியில் செய்யலாம். அலைகரையைச் சரிவாகவே விட்டுவிடலாம். நடைபாதை பழைய கரை மேலேயே போதும், ஏரியைச் சுற்றி வர வேண்டியதில்லை. நடுவில் செயற்கைத் தீவு கட்டும் காசில், ஆக்கிரமிப்பு வராமல் அலைகரைக்கு எல்லைக்கல் நடலாம். வெள்ளத்துக்கும் இதுதான் நல்லது: பெருமழையில் தண்ணீர் பரவி நிற்க இடம் கொடுப்பது அந்தத் தட்டையான ஓரம்தான். அதைக் கரை கட்டி அடைத்தால் தண்ணீர் பக்கத்துத் தெருவில் பரவும்.

2024-இல் வளைமூக்கு உள்ளானை உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறார்கள். சைபீரியாவில் பனி உருகுவதை நாம் இங்கே உட்கார்ந்து நிறுத்த முடியாது. அது வந்து இறங்கும் ஒரு சாண் தண்ணீர் நம்ம கையில் இருக்கிறது.

உங்கள் பக்கத்து ஏரியில் அடுத்து ஏதாவது வேலை தொடங்குவதாகக் கேள்விப்பட்டால், திட்ட வரைபடத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: கரை எத்தனை பக்கம்? நாலு பக்கமும் என்றால், கையெழுத்தாவதற்கு முன் போய்க் கேளுங்கள். கூடவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தண்ணீர் எதுவரை நிற்கிறது, எந்தப் பறவை எத்தனை. தண்ணீரை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஏரிக்குள் நிற்கும் ஒரு மின்கம்பமோ பனைமரமோ போதும். இந்த வருட மழைக்கு முன் தொடங்கினால் அடுத்த மாசிக்குள் உங்கள் ஏரியின் நாட்காட்டி உங்களிடம் இருக்கும். தோண்டும் இயந்திரம் வந்து நிற்கும் நாளில், "இங்கே என்னங்க இருந்துச்சு, வெறும் சேறுதானே?" என்று கேட்பவரிடம் நீட்ட அதுதான் உதவும்.